கெட்டு கலக்கும் நாளும் நான் சொன்ன பேச்சும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தேன். அதற்குப் பிறகு பேனா பிடித்தது ரேஷன் கடையில் கையெழுத்துப் போட மட்டும்தான். மலையாளம் பேசுவேன், பஸ் போர்டு வாசிப்பேன், அதற்கு மேல் வராது. வரி கோணும். ஒன்றைச் சொல்லிக்கொண்டே இன்னொன்றுக்குப் போய்விடுவேன். எந்த வருஷம் எது நடந்தது என்பதும் இப்போதெல்லாம் சரியாக நினைவில் நிற்பதில்லை.

ஆனால் ஒரு மத்தியானம் மறக்கவில்லை. நிறையப் பேர் உட்கார்ந்திருந்த ஒரு இடத்தில் நான் வாய் திறந்து பேசினேன். சபையில் நான் பேசியது என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். நாலைந்து வார்த்தை இருக்கும். அதனால் ஒருத்தியின் மழைக்காலச் சாப்பாடு போயிற்று. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

யார் பெயரையும் எழுதப்போவதில்லை. அவளைச் சேச்சி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட்டு வந்தேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

மட்டாஞ்சேரியில் நாங்கள் இருவரும் ஒரு மிளகு குடோனில் வேலை செய்தோம். எங்கள் வீட்டுக்காரர் அங்கே மூட்டை தூக்கினார், நான் உள்ளே பெண்களோடு உட்கார்ந்து மிளகு புடைத்தேன். அவர் மவுத்தான பிறகும் அந்த இடத்தை விடவில்லை. என் முறத்துக்குப் பக்கத்து முறம் சேச்சியுடையது. என்னைவிட மூன்று வயது மூத்தவள். தோப்பும்படியில் பஸ் ஏறித் தெற்கே போனால் முக்கால் மணி நேரத்தில் வரும் ஒரு வயல்கரையில் அவள் வீடு. குடோனில் பாதிப் பேர் எங்களைப் போலத் தமிழ் பேசும் பெண்கள் என்பதால் அவள் வாயிலும் தமிழ் ஏறிவிட்டது. பாதி மலையாளம், பாதி தமிழ், இரண்டுக்கும் நடுவில் கெட்ட வார்த்தை என்று பேசுவாள். என்னை எடீ என்பாள். கோபம் வந்தால் பாண்டிச்சி என்பாள், தமிழ்க்காரியை அங்கே இளக்காரமாகச் சொல்வது. மற்றவர்கள் அந்த வார்த்தையைச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். அவள் சொன்னால் இருக்காது.

அவளுக்குக் கல்யாணமான சில வருஷத்திலேயே புருஷன் போய்விட்டான். ஒரே மகள். அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதிலேயே கால் சூம்பிவிட்டது. நடக்க முடியாது, பலகையில் உட்கார்ந்தபடி கையை ஊன்றி நகர்வாள். இப்போது அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. ஆனால் கை மட்டும் இரும்பு. மீனைக் கீறி உப்புப் போட்டுக் காயவைப்பதில் அந்தக் கரையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. "நான் பிடிக்கிறவள், அவள் காப்பாத்துறவள்" என்று சேச்சி சொல்லுவாள். வேறு எதைப் பற்றிப் பேசினாலும் அவள் குரல் இப்படி நிமிராது.

அந்த வயலைப் பற்றிச் சொல்லாவிட்டால் எதுவும் புரியாது. அது நம் தஞ்சாவூர் வயல் மாதிரி இல்லை. காயல் ஓரத்தில் வரப்பு கட்டி மறித்த இடம். அதைக் கெட்டு என்பார்கள். மழை பெய்து உப்பைக் கழுவிக்கொண்டு போகும்போது அதில் பொக்காளி நெல் விதைப்பார்கள். அது உப்பைத் தாங்கும், ஆள் உயரம் வளரும். பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கதிரை மட்டும் கொய்வார்கள், தாள் தண்ணீரிலேயே அழுகும். பிறகு மடையைத் திறந்து காயல் தண்ணீரை உள்ளே விட்டால் அந்தத் தாளைத் தின்று இறாலும் மீனும் வளரும். நெல்லுக்கு உரம் இல்லை, இறாலுக்குத் தீனி இல்லை. ஒன்றின் மிச்சத்தில் இன்னொன்று பிழைக்கும். அரை வருஷம் நெல், அரை வருஷம் இறால்.

இறால் காலத்துக்குக் குத்தகைக்காரர் ஒருவர் இருப்பார். விஷு, நம் சித்திரைப் பிறப்பு, வந்தால் அவர் கணக்கு முடிந்தது. வலையைச் சுருட்டிக்கொண்டு கரையேறிவிடுவார். மறுநாள் காலையில் கெட்டு கலக்கல். வயலில் மிச்சம் கிடக்கிற மீன் யார் கைக்குச் சிக்குகிறதோ அவர்களுக்கு. நிலக்காரர் தடுக்கமாட்டார், குத்தகைக்காரர் தடுக்கமாட்டார். கேட்டு வாங்க வேண்டியதில்லை. கரையில் இருக்கிற அத்தனை பேரும் இறங்கிச் சேற்றைக் கலக்குவார்கள். ஆண்கள் வலை வீசுவார்கள். பெண்கள் அலுமினியக் கலத்தை இடுப்பில் கயிறு கட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, குனிந்து இரண்டு கையாலும் சேற்றில் துழாவிப் பிடிப்பார்கள்.

வெளியாட்களுக்கும் ஒரு வழி உண்டு. உள்ளூர்க்காரர் ஒருவர் கையைப் பிடித்துத்தான் இறங்கவேண்டும். முதல் அடி தண்ணீரில் வைக்கும்போது அந்தக் கை பிடித்திருக்கவேண்டும். அப்படி இறங்கினால் அன்றைக்கு நீயும் அந்தக் கரைதான்.

என்னைச் சேச்சி முதல் தடவை கூட்டிக்கொண்டு போனபோது எனக்கு வெட்கம் பிடுங்கியது. சேலையோடு தண்ணீரில் இறங்கினால் உடம்பில் ஒட்டுமே என்று எங்கள் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையை மேலே போட்டுக்கொண்டு, தலையில் முக்காட்டை இறுக்கிக் கட்டிப் போனேன்.

சேச்சி என்னைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எந்தாடீ இது, போலீஸ்காரனா? மீனெல்லாம் கையைத் தூக்கிட்டு வரும், பிடிச்சோ."

வரப்பில் நின்ற ஒரு பெரியவர் கேட்டார். "இது ஏது புதிய ஆளு?"

"என் அனியத்தி," என்றாள் சேச்சி, தங்கை என்று.

"நெனக்கு எப்பம் பாண்டியில ஒரு அனியத்தி?"

"உங்களைக் கேட்டா எங்கம்மா பெறணும்? தள்ளி நில்லும், அவ இறங்கட்டும்."

கை நீட்டினாள். பிடித்து இறங்கினேன். சேறு முழங்கால் வரை இழுத்தது. அன்றைக்கு முதல் மீனாக என் கையில் கூரி குத்திவிட்டது. அது மீசை வைத்த மீன், துடுப்பில் முள் இருக்கும். நான் அலற, சேச்சி என் விரலைப் பிடித்து வாயால் ஊதி, "கூரி குத்தினாத்தான் கெட்டுக்காரி. இனி நீ எங்க ஆளு" என்றாள். சாயங்காலம் என் கலத்தில் எட்டோ பத்தோ கரிமீன். அவள் கலத்தில் கழுத்து வரை.

ஏறி வந்தபோது உப்புத்தண்ணீர் காய்ந்து உடம்பெல்லாம் அரித்தது. சுற்றிலும் தண்ணீர் இருக்கிற அந்தக் கரையில் நல்ல தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் வரும். வாசலில் ஒரு குடம் நிறைய நல்ல தண்ணீரை மூடி வைத்திருந்தாள் சேச்சியின் மகள். "இத்தாவுக்கு. குளிச்சோங்கோ" என்றாள். அந்தக் கரையில் என்னை இத்தா என்பார்கள், முஸ்லிம் வீட்டு அக்கா என்று அர்த்தம். அவர்கள் இருவருக்கும் ஒரு நாள் குடிக்கிற தண்ணீர் அது. வேண்டாம் என்றேன். "உப்போடு பஸ்ஸில போனா கண்டக்டர் கருவாடுன்னு டிக்கெட் போடுவான்" என்று சேச்சி என் தலையில் ஊற்றிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் போனேன். கலக்கல் ஒரு நாளோடு முடியாது. அந்தக் காலத்தில் நெல் விதைப்பதற்காக வயலை வற்றவைக்க, பெட்டியும் பறையும் என்று மரத்தில் செய்த ஒரு பெரிய இறைப்பு இருந்தது. மோட்டாரில் ஓடும், ஆனால் மெதுவாக. வயல் வற்ற இரண்டு வாரம் பிடிக்கும். தண்ணீர் ஒவ்வொரு நாளும் ஒரு விரல் இறங்க, பெண்கள் அதன் பின்னாலேயே போய்க் குழிகளில் ஒதுங்கிய மீனைத் துழாவுவார்கள். முதல் நாள் கூட்டமும் கூச்சலும். அதற்குப் பிறகு வருகிற நாட்கள்தான் சேச்சிக்கு முக்கியம். அந்த இரண்டு வாரத்தில் பிடித்ததை மகள் கீறி உப்பிட்டுப் பாயில் காயவைத்து, பானையில் அடுக்கி வாயைத் துணியால் கட்டிவிடுவாள். கர்க்கடக மாதம், நம் ஆடி, அடைமழையில் யாருக்கும் வேலை இருக்காது. அந்தப் பானையும் ரேஷன் அரிசியும்தான் அவர்களைக் கரையேற்றும். பக்கத்து வீடுகளும் அரிசியோ தேங்காயோ கொடுத்து அந்தக் கருவாட்டை வாங்கிக்கொள்ளும். நடக்க முடியாத பெண்ணிடம் நாலு பேர் வந்து நின்று "ஒரு பிடி கூடப் போடு மோளே" என்று கேட்கிற மாதம் அது ஒன்றுதான்.

குடோன் ஒரு நாள் மூடியது. இப்போது அங்கே படம் மாட்டியிருக்கிறார்கள், காப்பி விற்கிறார்கள். எங்கள் இருவருக்கும் வயசாகிவிட்டது. ஆனாலும் விஷு வந்தால் சேச்சி போன் பண்ணுவாள். "எடீ, செத்தியா இருக்கியா? கலத்தைத் தேய்ச்சு வை."

வயலுக்கும் கெட்ட காலம் வந்தது. கொய்ய ஆள் இல்லை என்றார்கள். உப்பு சீக்கிரமே ஏறிவிடுகிறது, மழை சொன்ன நேரத்துக்கு வருவதில்லை என்றார்கள். நிலக்காரர்கள் நெல்லை விட்டுவிட்டு வருஷம் முழுக்க இறாலுக்கே குத்தகை விடப் பார்த்தார்கள். சில வருஷம் அப்படி விட்டும் பார்த்தார்கள். தண்ணீர் கறுத்து நாறியது, இறாலுக்கு நோய் வந்தது, வரப்பு ஓரத்து வீடுகளில் சுவரெல்லாம் உப்புப் பூத்தது. சேச்சி வீட்டுச் சுவரைக் கையால் தடவினால் மாவு மாதிரி உதிரும்.

அப்போதுதான் ஒரு திட்டம் வந்தது. நிலக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம், கூட அரசாங்கத்து ஆட்கள், படித்த பிள்ளைகள். மறுபடி பொக்காளி விதைப்பது, கரண்டுக்குப் பதில் சூரிய வெளிச்சத்தில் ஓடுகிற பம்பு வைப்பது, அரிசியை உரம் போடாத அரிசி என்று பாக்கெட்டில் போட்டு நல்ல விலைக்கு விற்பது. இதில் எந்தக் கெடுதலும் இல்லை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். சேச்சியைப் போலச் சந்தோஷப்பட்டவர்கள் அந்தக் கரையில் வேறு யாரும் இல்லை. "நெல்லு வருதுடீ, நெல்லு! அரிவாளைத் தீட்டணும்" என்று போனில் கத்தினாள்.

வயலை நம்பி யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுத ஊர் வாசகசாலையில் ஒரு கூட்டம் போட்டார்கள். சேச்சி என்னையும் வரச் சொன்னாள். "நீயும் இறங்குறவள்தானே. நான் தனியா போனா எனக்குப் பேச்சு வராது. நீ கூட இருந்தா வரும்."

அந்த வாரம்தான் என் மகன் என்னிடம் கோபப்பட்டிருந்தான். அவன் வைட்டிலா பக்கம் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். "இந்த வயசுல எவனோ வயல்ல போய்ச் சேத்துல மீன் பொறுக்குறீங்களாம்மா. கேக்குறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல? உங்களுக்குச் சோறு போடலையா நான்?" என்றான். சோறு போடுகிறான். அதில் குறை சொல்ல முடியாது. அந்தப் பேச்சு நெஞ்சில் முள்ளாகக் கிடக்க, நான் பஸ் ஏறிப் போனேன்.

வாசகசாலையில் பெஞ்சு நிறைய ஆட்கள். முன்வரிசையில் நிலக்காரர்கள். சாயாவும் பருப்புவடையும் கொடுத்தார்கள். கேள்வி கேட்க வந்தவர்களில் ஒரு பெண் தமிழ்ப்பெண். மதுரைப் பக்கமாம். மலையாளத்தில் திணறித் திணறிப் பேசிக்கொண்டிருந்தவள், என் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, நீங்க தமிழா! எந்த ஊரும்மா?"

"மட்டாஞ்சேரிதாம்மா. பொறந்ததே அங்கதான்."

"கலக்கல் அன்னிக்கு நீங்களும் இறங்குவீங்களாமே. அந்த மீன் வீட்டுக்கு எத்தனை நாளைக்கு வரும்? அது கிடைக்காட்டி கஷ்டமா இருக்குமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முன்வரிசை திரும்பிப் பார்த்தது. அந்த முகங்களுக்கு முன்னால் நான் எவனோ வயலில் மீன் பொறுக்குகிறவளாக உட்கார்ந்திருந்தேன். மகன் முகம் வந்தது.

"ஐயோ, அதெல்லாம் இல்லம்மா," என்றேன். "சும்மா ஒரு சந்தோஷத்துக்கு இறங்குறதுதான். விளையாட்டு மாதிரி."

"நீங்க மட்டுமா, இறங்குற எல்லாருமே அப்படித்தானா?"

"எல்லாரும்தான். இதை வச்சா அடுப்பு எரியுது? யாரும் இதை நம்பி இல்லம்மா."

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். "இத்தா சொன்னது சரியாக்கும். அது ஒரு உற்சவமல்லே!" அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே எழுதினாள். அழகான கையெழுத்து. வேகமாக எழுதினாள்.

அப்புறம்தான் சேச்சியைப் பார்த்தேன். அவள் கையில் இருந்த பருப்புவடையைக் கடிக்காமல் காகிதத்தில் வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு. அவளிடமும் கேட்டார்கள். "கொய்த்து வேலை வேணும். அது கிடைச்சா மதி, போதும்" என்றாள். மீனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பஸ் நிற்கிற இடம் வரை நடந்தோம். அங்கே வந்து நின்று கேட்டாள்.

"எடீ, ஏன் அப்படிச் சொன்னே?"

"நாணமாப் போச்சு சேச்சி."

"நான் சேத்துல துழாவுறேன், எனக்கில்லாத நாணம் உனக்கு எதுக்கு?"

"நீங்களாவது எழுந்து சொல்லியிருக்கலாமே," என்றேன். இப்போது நினைத்தால் அந்தக் கேள்வியைக் கேட்ட நாக்கை என்ன செய்யலாம் என்று இருக்கிறது.

"நான் எழுந்து அப்படி இல்லேன்னு சொன்னா, அத்தனை பேருக்கு முன்னால நீ கள்ளம் பறஞ்சவ, பொய் சொன்னவ ஆயிடுவியல்லே. அதான் வாயைத் திறந்து மிண்டாம இருந்தேன்." பஸ் வந்தது. என்னைப் பிடித்து ஏற்றிவிட்டாள். "சாரமில்லை, பரவாயில்லை போ. அவங்க எழுதுறதை எல்லாம் யாரு வாசிக்கப்போறாங்க?"

அவளும் அப்படித்தான் நம்பினாள். நானும் நம்பினேன்.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. பொக்காளி விதைத்தார்கள். கதிர் வந்தது. சேச்சி அந்த வயசில் இடுப்புத் தண்ணீரில் நின்று கொய்தாள். முட்டி வீங்கி நாலு நாள் படுத்தாலும் கொய்தாள். புது அரிசியில் எனக்கு ஒரு பை கொடுத்துவிட்டாள். சிவப்பு அரிசி. கஞ்சி வைத்தால் வீடே மணக்கும். அதே அரிசியை, வெளியூர்க்காரர்கள் வந்து வாங்கும் ஜூ டவுன் கடையில் துணிப்பையில் கட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். பை மேலே கதிர் கொய்கிற ஒரு பெண்ணின் படம். முகம் தெரியவில்லை.

வரப்பு மேல் வரிசையாகச் சூரியப் பலகைகள் நின்றன. கம்பியில் யாரும் கை வைத்துவிடக்கூடாது என்று வேலி கட்டி, கதவு வைத்துப் பூட்டினார்கள். அதுவும் நல்லதுக்குத்தான். ஆனால் பெண்கள் தண்ணீரில் இறங்குகிற சரிவு அந்த வேலிக்குள் போய்விட்டது.

விஷு வந்தது. சேச்சி போன் பண்ணவில்லை. மறந்திருப்பாள் என்று நினைத்து, கலத்தைத் தேய்த்துத் துணியில் கட்டிக்கொண்டு மறுநாள் நானே போனேன்.

வேலிக் கதவு பக்கத்தில் தோரணம் கட்டியிருந்தது. பெரிய போர்டு. கார்கள். வெளியூர்க்காரர்கள், வெள்ளைக்காரர்கள் கூட, முட்டி வரை ரப்பர் பூட்ஸ் போட்டு நின்றார்கள். சீட்டு எடுத்தால்தான் உள்ளே. சீட்டுக் கொடுத்த ஆளிடம் போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். வாசித்துக் காட்டினார். கெட்டு கலக்கல், கிராமத்து விளையாட்டு, ஒரு நாள் நீங்களும் மீன் பிடித்துப் பாருங்கள் என்று இருந்தது.

"எங்க ஆட்கள் இறங்க முடியாதா?" என்று கேட்டேன்.

"இத்தா, இது விளையாட்டுன்னு நிங்ஙள்தானே மீட்டிங்கில பறஞ்சது? ரிப்போர்ட்டில உண்டு. யாரும் இதை நம்பி இல்லைன்னு. அப்போ சங்கத்துக்கு ஒரு வருமானம் ஆகட்டேன்னு தீர்மானிச்சோம்." அவர் கேலியாகச் சொல்லவில்லை. நான் சொன்னது உபகாரமாக இருந்தது என்கிற மாதிரிச் சொன்னார்.

சேச்சி வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் கலம் கட்டியிருந்தது. என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சங்கத்து ஆள் ஒருவர் வந்து அவளைக் கூப்பிட்டார். வந்தவர்களுக்குக் கையால் துழாவுவது எப்படி என்று காட்ட ஒரு ஆள் வேண்டுமாம். அவள் என்ன நினைத்தாளோ, போனாள். பிடிப்பது தனக்குத்தான் என்று நினைத்திருப்பாள்.

தண்ணீர் ஓரத்தில் ஒரு நிமிஷம் நின்றாள். எத்தனையோ வருஷம் அந்த இடத்தில் அவள் பின்பக்கமாகக் கையை நீட்டுவாள், நான் பிடிப்பேன். அன்றைக்கு இரண்டு கையாலும் கலத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக இறங்கினாள்.

வெயிலில் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. குனிந்து துழாவி ஒரு கரிமீனை எடுத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள், போன் வைத்துப் படம் பிடித்தார்கள். ஒரு பையன் மாதிரி இருந்த சங்கத்து ஆள் கூடையை நீட்டினான். அவள் மீனைக் கலத்தில் போடப் போனாள். "அம்மச்சீ, இதிலே இடணும். வந்தவங்களுக்குப் பொரிச்சுக் கொடுக்கணும்," என்றான். கூடையில் போட்டாள். அடுத்ததும் கூடையில். நான் எண்ணவில்லை. மத்தியானம் கரையேறினாள். அவளுக்கு ஒரு சாப்பாட்டுப் பொதி கொடுத்தார்கள். கலம் காய்ந்து கிடந்தது.

"நாளைக்கு இறங்கலாமா?" என்று அவள் சங்கத்து ஆளிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"நாளைக்கு என்னத்துக்கு அம்மச்சீ? புதிய பம்பல்லே. நாலு நாளில் வயலை உணக்கி வற்றவச்சிடும். மீனெல்லாம் பம்பு வாயில சங்கம் கட்டின வலையில் நின்னிடும்."

அவள் பின்னாலேயே வீடு வரை போனேன். மகள் வாசலில் பாயை விரித்து வைத்திருந்தாள். உப்புப் பானை, அரிவாள்மணை, கழுவிய சட்டி எல்லாம் வரிசையாக இருந்தன. ஓரத்தில் மூடி வைத்த ஒரு குடம் நல்ல தண்ணீர். அம்மாவின் கலத்தை எட்டிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது தெரியாது. இன்றைக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். மெதுவாகப் பாயைச் சுருட்டினாள்.

"இத்தா இரிக்கணும்," என்றாள் சேச்சி என்னிடம். "நிங்ஙள்க்கு சாயா எடுக்கட்டே?"

நிங்ஙள் என்றாள். எடீ என்று சொல்லவில்லை, பாண்டிச்சி என்று சொல்லவில்லை. மரியாதையாகப் பேசினாள். வெளியிலிருந்து வந்த ஒருவருக்குக் கொடுக்கிற மரியாதை. அந்தச் சாயாவை எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

கர்க்கடகத்தில் மழை விடாமல் அடித்தது. மட்டாஞ்சேரி சந்தையில் நல்ல கருவாடாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போனேன். வயல் பச்சையாக நிறைந்து நின்றது. பார்க்க அவ்வளவு அழகு. சேச்சி கட்டிலில் படுத்திருந்தாள், முட்டியில் துணி சுற்றியிருந்தது. பொதியைப் பிரித்தாள்.

"வாங்கினதா?"

"ஆமா சேச்சி."

"நல்லா இருக்கு. இத்தாவுக்கு எதுக்கு வீண் செலவு," என்று மகளிடம் கொடுத்தாள். மகள் ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்து, "உப்புக் கூடுதல்" என்றாள். அவ்வளவுதான். அந்த மாதத்தில் அவளிடம் வந்து "ஒரு பிடி கூடப் போடு மோளே" என்று நிற்கிறவர்கள் யாரும் வரவில்லை. பானை அடுப்படியில் கவிழ்ந்து கிடந்தது. கிளம்பும்போது அழுதேன். "ஏன் சேச்சி என்னை எடீன்னு கூப்பிட மாட்டேங்குறீங்க?" என்று கேட்டே விட்டேன். வெட்கம் இல்லாமல் கேட்டேன்.

அவள் முட்டியில் சுற்றிய துணியை இழுத்துவிட்டாள். "வயசாச்சல்லே. மறந்து போகுது," என்றாள்.

அதற்குப் பிறகு சங்கத்து ஆபீசுக்குப் போனேன். போக எனக்கு எவ்வளவு நாள் பிடித்தது என்று கேட்காதீர்கள். இரண்டு தடவை வாசல் வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை உள்ளே போய், நான் அன்றைக்குச் சொன்னது பொய், அதை அடித்துவிடுங்கள் என்றேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர், நாற்காலி போட்டார். "ரிப்போர்ட் மேலே போயாச்சு இத்தா. மாத்தணும்னா எழுதிக் கொடுக்கணும்" என்றார். எந்த பாஷையில் என்று கேட்டேன். "எந்த பாஷையானாலும் சரி. எழுதியிருக்கணும்." அந்த மதுரைப் பெண் கூட்டத்தன்றைக்கு எனக்கு எழுதிக் கொடுத்த நம்பரைக் கூப்பிட்டால் வேறு யாரோ எடுக்கிறார்கள்.

அதனால் எழுத ஆரம்பித்தேன். ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

இதை வாசிக்கிற யாராவது ஒருவர் கொஞ்சம் சரிபார்க்க வேண்டும். மாதங்களை மாற்றி எழுதியிருக்கலாம், மீன் பெயர் தப்பாக இருக்கலாம், பம்பு நாலு நாளா ஐந்து நாளா என்பதும் எனக்கு உறுதியில்லை. அதெல்லாம் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். அந்தக் காகிதத்தை எங்கே வைத்திருக்கிறார்களோ, அதில் யாரும் இதை நம்பி இல்லை என்று ஒரு வரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அது நான் சொன்னது. பொய். ஒரு வீடு நம்பி இருந்தது, எனக்குத் தெரியும், தெரிந்தேதான் சொன்னேன்.

நான் எழுதுவதை நம்ப முடியாவிட்டால் நேரில் போய் விசாரியுங்கள். ஆனால் சேச்சியிடம் கேட்காதீர்கள். நான் பொய் சொன்னேன் என்று அவள் இப்போதும் சொல்லமாட்டாள். மகளிடம் கேளுங்கள். பாயை வாசலில் எந்தப் பக்கம் விரிப்பாள், ஒரு கலம் மீனுக்கு எத்தனை கை உப்பு, பானை எத்தனை நாளைக்கு வரும் என்று கேளுங்கள். அவள் சொல்லுவாள்.